மாட்டு டாக்டருக்குப் படிக்க அலைந்த ஆறு மாதம்

முதலில் பணம் போனதைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையில், கால்நடை மருத்துவத்துக்கும் நீட் கட்டாயம் என்று யாரோ சொன்னதை நம்பி, அப்பாவும் நானும் கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்கினோம். பயிற்சி மையத்தில் இருந்தவர் ஒன்றும் விளக்காமல் முன்பணம் 5,000 ரூபாயை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும்; உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை. அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் அது. யார் என்ன சொன்னாலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டைப் படித்த பிறகு நம்புங்கள்.

அப்புறம் எனக்கே சந்தேகம் வந்தது. கடைசி வருடப் பயிற்சியோடு சேர்த்துப் படிப்பு ஐந்தரை வருடம். நாய்க்குட்டி பிடிக்கும் என்பது மட்டும் போதுமா? ஊர் கால்நடை மருந்தக டாக்டரிடம் கேட்டேன். "மே மாசம் பத்து நாள் என்கூட வாம்மா, பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றார்.

ஒன்பது நாள் குடற்புழு மருந்தும் தடுப்பூசியுமாகப் போனது. பத்தாம் நாள் இரவு ஒரு கலப்பின ஜெர்சி மாடு ஈன முடியாமல் கிடப்பதாகத் தகவல். மழையில் தேயிலைத் தோட்டம் வழியே டாக்டரோடு அப்பாவும் நானும் நடந்தோம். கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன. தலை பின்பக்கமாக மடங்கியிருந்தது. கையுறை போடாமல் எதையும் தொடாதே என்று டாக்டர் கண்டித்தார். மாட்டுக்கு வரும் புருசெல்லோசிஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். தோள்வரை கையை விட்டுக் கன்றை உள்ளே தள்ளி, தலையை நேராக்கிக் கயிறு கட்டினார். மாடு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் இழுத்தோம். கன்று செத்துத்தான் வந்தது. மாட்டுக்கார அக்கா அழுதார், நானும் அழுதேன். டாக்டர் மட்டும் மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். விடிகிற நேரம் அது எழுந்து நின்று புல்லைக் கடித்தது. இந்த வேலைதான் வேண்டும் என்று அங்கேயே அப்பாவிடம் சொன்னேன்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்றெல்லாம் இ-சேவையில் சுலபமாக முடிந்தன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடுதான் இழுத்தடித்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். நான் இரண்டு பள்ளியில் படித்தவள். எட்டாவது வரை படித்த பள்ளிக்கு முதல் முறை போனபோது தலைமையாசிரியர் இல்லை. இரண்டாம் முறை பழைய பதிவேடு காணவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை அம்மாவும் வந்தார். அலமாரியைத் திறக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் பதிவேடு கிடைத்தது. பள்ளி மாறியவர்கள் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் இந்தச் சான்றை முன்பே வாங்கிவிடுங்கள்.

போன வாரம் விண்ணப்பித்தாயிற்று. தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. டாக்டர் கூப்பிடும்போதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன்.