கெர்னல் ஆவணம் ஒன்றை ஆர்எஸ்டிக்கு மாற்றிய அனுபவம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு நான் அனுப்பிய முதல் பேட்சில், அதாவது மாற்றத் தொகுப்பில், சி நிரல் ஒரு வரிகூடக் கிடையாது. பல வருஷமாக வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடந்த ஒரு டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் நிரல்) குறிப்பை, எளிய குறிகளால் வடிவம் காட்டும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டுக்கு, அதாவது ஆர்எஸ்டிக்கு, மாற்றினேன். சுமார் 300 வரி. ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் இழுத்தது.

2016-ல் 4.8 பதிப்பில்தான் கெர்னல் ஆவணங்களுக்கு, ஆர்எஸ்டியை வலைப்பக்கமாக்கும் ஸ்ஃபிங்ஸ் கருவி வந்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் டாக்புக் எக்ஸ்எம்எல், மீதியெல்லாம் அவரவர் பாணியில் தட்டிய டெக்ஸ்ட். நான் எடுத்தது அந்த இரண்டாவது வகை.

பெயர் மாற்றுவது எளிது. மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில் மூவ் கட்டளை கொடுத்து, அதே டைரக்டரியின் இண்டெக்ஸ் ஃபைலில் உள்ள பொருளடக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அப்புறம் ஆவணத்தை பில்ட் செய்தேன், அதாவது ஹெச்டிஎம்எல் பக்கமாக்கினேன். கெர்னல் ஆவணங்கள் முழுவதையும் பில்ட் செய்தால் வெகுநேரம் ஆகும். ஸ்ஃபிங்ஸ்டிர்ஸ் என்ற மாறியில் நம் டைரக்டரியை மட்டும் கொடுத்தால் சீக்கிரம் முடிகிறது. இது தெரியாமல் முதல் இரண்டு நாளை வீணடித்தேன்.

எச்சரிக்கைகள் 40-க்கு மேல் கொட்டின. பாதி, நட்சத்திரக் குறியால் வந்தவை. சி-யில் பாயின்டருக்கு முன்னால் * போடுவோம் அல்லவா? ஆர்எஸ்டியில் அது சாய்வெழுத்தின் தொடக்கம். மூடும் நட்சத்திரம் எங்கே என்று ஸ்ஃபிங்ஸ் ஒவ்வொரு இடத்திலும் கேட்டது. டிரைவருக்கும் ஹார்டுவேருக்கும் நடுவே பஃபர் எப்படிப் போகிறது என்று கோடும் கூட்டல் குறியுமாக வரைந்திருந்த படமோ, ஹெச்டிஎம்எல்லில் ஒரே பத்தியாக நசுங்கிப் போயிருந்தது. யாரோ பொறுமையாக வரைந்த படம். பார்க்கவே சங்கடமாக இருந்தது. மேலே உள்ள வரியின் கடைசியில் :: போட்டு, ஒரு வரி விட்டு, படத்தை உள்ளே தள்ளினேன். அப்படியே எழுந்து நின்றது.

அந்த உற்சாகத்தில் அளவு மீறிவிட்டேன். எல்லா ஃபங்ஷன் பெயருக்கும் மார்க்கப், எல்லா அட்டவணைக்கும் புது வடிவம். பேட்சைப் பார்த்தவர் எழுதிய பதில் சின்னதுதான்: இந்த ஃபைலைப் பாதிப் பேர் டெர்மினலில்தான் படிப்பார்கள், அவர்களுக்கும் இது புரிய வேண்டும். டெர்மினலில் ஃபைலைக் காட்டும் லெஸ்ஸில் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. அட்டவணையில் எது எந்த நெடுவரிசை என்றே தெரியவில்லை. ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் வெறும் அடைப்புக்குறி இருந்தாலே இணைப்பு தானாக வந்துவிடும். 2019-லிருந்தே அந்த வசதி உண்டு. நான் போட்ட மார்க்கப்பில் முக்கால்வாசியை எடுத்தேன்.

நான் மறக்கவே மாட்டேன் என்பது வேறொன்று. குறிப்பில் ஒரு மாட்யூல் பாராமீட்டரை (டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் அமைப்பை)ப் பற்றி அரைப்பக்க விளக்கம் இருந்தது. மார்க்கப் போடும்போது ஒரு சந்தேகம் வந்து டிரைவர் நிரலில் தேடினேன். அப்படி ஒரு பாராமீட்டரே இல்லை. கிட் வரலாற்றில் துழாவியதில், அதை நீக்கிய கமிட், அதாவது பதிவான மாற்றம், கிடைத்தது. நிரலை மாற்றியிருக்கிறார்கள், ஆவணத்தை யாரும் தொடவில்லை. அதை நம்பி எத்தனை பேர் அந்தப் பாராமீட்டரைக் கொடுத்துப் பார்த்துத் தவித்தார்களோ! இந்தத் திருத்தத்தைத் தனி பேட்சாகப் பிரித்தேன். பெயர் மாற்றத்தோடு உள்ளடக்கமும் அதிகம் மாறினால் கிட் அதைப் பெயர் மாற்றமாகக் காட்டாது. பழையது முழுக்க நீக்கம், புதியது முழுக்கச் சேர்ப்பு என்று காட்டும். அதை எந்த மனிதராலும் சரிபார்க்க முடியாது.

பழைய ஃபைல் பெயரைச் சுட்டிய இடங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. இல்லாத ஆவணங்களைச் சுட்டும் இடங்களைத் தேடும் மேக் ரெஃப்செக்டாக்ஸ் கட்டளையை ஓட்டியதில் இரண்டு சிக்கின: கெர்னல் அமைப்புத் தேர்வுகளைக் கொண்ட கேகான்ஃபிக்கில் ஒரு உதவிக் குறிப்பும், எந்தப் பகுதியை யார் பராமரிக்கிறார் என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் ஃபைலில் ஒரு வரியும்.

பேட்சின் மூன்றாவது பதிப்பை அனுப்பியபோது, ஏற்கெனவே தயாரான மாற்றங்களை அடுத்த கெர்னலில் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருந்தது. அந்த இரண்டு வாரம் புது பேட்ச்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை என்பதால் காத்திருந்தேன். அப்புறம் ஒரு காலையில், சேர்த்தாயிற்று, நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. அதே டைரக்டரியில் இன்னும் நான்கு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கின்றன. ஒன்றைத் திறந்துவிட்டேன், இந்த முறை மார்க்கப்புக்கு முன்னால் நிரலைப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.