வெயில் ஏறினால் எழும் கம்ப்யூட்டர்

அக்டோபர் 27, கல்லிடைக்குறிச்சி

விடிய விடிய மழை. அப்பளம் காயவில்லை, மதினியின் கணக்குக் கம்ப்யூட்டரும் எழவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி இரண்டு நொடி சுற்றி நிற்கிறது, பிறகு தானாகவே மறுபடி சுற்றுகிறது. திரை இருட்டு, பீப் ஒலியும் இல்லை. நினைவகப் பட்டையான ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பதினொரு மணிக்கு எழுந்துவிட்டது. எனக்கு ஒரு தம்ளர் காப்பி கூடுதலாகக் கிடைத்தது.

அக்டோபர் 28

காலையில் பழைய கதை. மூன்றாம் முறை தேய்த்த பிறகு எழுந்தது, ஆனால் தேதி 2015 ஜனவரி 1. ஜிஎஸ்டி தளத்தைத் திறந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்கிறது. கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போர்டில், தேதியைக் காக்கும் சிஆர்2032 என்ற சிறு பேட்டரியில் 3 வோல்ட் இருக்க வேண்டும், இருந்தது 2.3. புதிது போட்டேன். "குற்றவாளி அகப்பட்டுவிட்டான் மதினி" என்று வேறு சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 29

அகப்படவில்லை. தேதி சரியாக நிற்கிறது, கம்ப்யூட்டர்தான் எழவில்லை. பெட்டியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். உச்சி வெயில். கடையில் முதல் அழுத்தலிலேயே எழுந்து, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டது. அப்படியும் கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்றார். கண் முன்னே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே சொன்னார்! தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 31

தெருமுனையில் டிவி பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்கு எழுகிறது?" யோசித்தால், ஒரு நாளும் பத்து மணிக்கு முன் எழுந்ததில்லை. என் ரப்பருக்குக் கிடைத்த பெயரெல்லாம் வெயிலுக்குச் சேர வேண்டியது.

கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதித்துவிட்டேன், அதன் பச்சைக் கம்பியையும் கறுப்பையும் ஊக்கால் இணைத்ததும் விசிறி சுற்றியது, அது நல்லதுதான் என்றேன். "சும்மா நிற்கும் மாடு நொண்டுவது தெரியுமா தம்பி? பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் வருகிறேன், அதுவரை தொடாதீர்கள்."

நவம்பர் 1

ஆறு மணிக்கே மல்டிமீட்டரோடு வந்துவிட்டார். எல்லாம் மாட்டியபடியே பொத்தானை அழுத்தச் சொல்லி, எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் கம்பியை அளந்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10.6. ஐந்து சதவீதம்தான் சலுகை, 11.4க்குக் கீழே போகக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெபாசிட்டர் கிழடாகிவிட்டால் குளிரில் தன் வேலையைச் செய்யாது, சூடேறினால் கொஞ்சம் தேறும் என்றார். உள்ளே திறந்து பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடுமாம்.

நவம்பர் 2

புது எஸ்எம்பிஎஸ் மாட்டியாயிற்று.

நவம்பர் 4

பழையதை அண்ணாச்சியே திறந்து காட்டினார். இரண்டு கெபாசிட்டர்களின் தலை, எண்ணெயில் போட்ட அப்பளம் போல உப்பியிருந்தது. மதினி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "நம் சரக்கைவிட நன்றாகப் பொரிந்திருக்கிறதே" என்றார்.

காலை ஐந்தரைக்கு, கொட்டும் மழையில், ஒரே அழுத்தலில் எழுந்தது. அப்பளம் இன்னும் காயவில்லை.