அடுத்தவர் சந்தோஷம்

"வேலை கிடைச்சிருச்சுண்ணே!"

டீக்கடையில் அந்தப் பையன் இப்படிச் சொன்னதும் மாஸ்டர் காசு வாங்கவில்லை. பாட்டிலைத் திறந்து வெண்ணெய் பிஸ்கட் ஒன்றையும் எடுத்து நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

அவர் மகனும் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்தவர் சந்தோஷத்தில் தானும் சந்தோஷப்படும் இந்தக் குணத்தை பௌத்தத்தில் முதிதை என்பார்கள். மைத்ரி என்கிற நேசம், கருணை, உபேட்சை என்கிற சமநிலை இவற்றோடு சேர்த்து, மனசில் வளர்க்க வேண்டிய நாலு குணங்களில் ஒன்று. எனக்கென்னவோ இதுதான் கஷ்டமானது என்று தோன்றும். அடுத்தவர் அழுதால் மனசு இளகிவிடுகிறது. ஜெயித்தால்தான் வயிறு எரிகிறது.

5ஆம் நூற்றாண்டில், இலங்கையின் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்ற பௌத்த தியான நூலை எழுதிய துறவி புத்தகோசருக்கும் இது தெரிந்திருக்கிறது. முதிதையைப் பழகும்போது எடுத்த எடுப்பில் பகையாளியிடம் போகாதே என்கிறார். பேசுவதற்கு முன்பே சிரித்துவிடும் நெருங்கிய நண்பன் இருப்பான் இல்லையா, அவனிடம் ஆரம்பிக்கணுமாம்.

சரி, சொந்தக்காரர்களை எந்த வரிசையில் வைப்பது சாமி?