நம்மெல்லாருக்கும் ஒரே பை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில்தான் பைபிளில் உள்ள நீதிமொழிகள் நூலின் முதல் அதிகாரம் எனக்குச் சரியாகப் புரிந்தது. "என் மகனே, பாவிகள் உனக்கு நயங்காட்டினாலும் நீ சம்மதியாதே" என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, பாவிகள் என்றால் இருட்டில் கத்தியோடு நிற்பவர்கள் என்றே நினைத்திருந்தேன். அந்த அதிகாரத்தில் வருபவர்கள் உண்மையில் வழிப்பறிக்காரர்கள்தாம். ஆனாலும் கேட்பவனை அவர்கள் மிரட்டுவதில்லை. "எங்களோடே பங்காளியாயிரு, நம்மெல்லாருக்கும் ஒரே பை இருக்கும்" என்கிறார்கள். பணத்துக்கு முன்பாகக் கூட்டத்தில் ஓர் இடம் தருகிறார்கள்.

எங்கள் பிரிவிலும் அப்படி ஒரு பை இருந்தது. அட்டைப்பெட்டி வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது விதி. மூன்றும் வெவ்வேறு லெட்டர்ஹெட்டில், ஒரே ஆளிடமிருந்து வரும். கூடுதல் விலையில் ஒரு பங்கு மாதக் கடைசியில் பிரிவுக்குள் பிரிக்கப்படும். இதை என்னிடம் சொன்னவர், என் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது இரவெல்லாம் துணைக்கு இருந்த அண்ணன். "எல்லாரும் வாங்குறாங்க தம்பி, நீங்க மட்டும் தனியா நின்னா நல்லாவா இருக்கும்?" என்று டீக்கடையில் கேட்டார். கெட்டவரிடம் மறுப்பதைவிட இப்படிப்பட்டவரிடம் மறுப்பது கடினம்.

ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும் என்று கொரிந்து சபையாருக்கு எழுதிய அப்போஸ்தலன் பவுல், அதே முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில், உலகத்தாரில் பொருளாசைக்காரரோடு பழகவே கூடாதென்றால் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும் என்றும் எழுதுகிறார். அதனால் அந்த அண்ணனோடு சாப்பிடுவதை நான் நிறுத்தவில்லை. பங்கை மட்டும் வாங்கவில்லை. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தபோது அரண்மனை உணவைத் தீட்டென்று மறுத்த தானியேல், தம்மைக் கண்காணித்தவனோடு சண்டை போடாமல், பத்து நாள் மரக்கறி மட்டும் தந்து சோதித்துப் பாரும் என்று கேட்டுக்கொண்டார். நானும், கொட்டேஷன்கள் மூடிய உறையில் வந்து கணக்குப் பிரிவினர் முன்னிலையில் பிரிக்கப்படட்டும், ஒரு காலாண்டுக்குப் பார்ப்போம் என்று மேலாளரிடம் கேட்டேன். பெயர்களையும் சொல்லியிருக்க வேண்டும் என்போர் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. பெட்டியின் விலை இறங்கியது.

ஒருமுறை மறுத்தால் முடிந்துவிடும் என்று எண்ணுபவர்கள் ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தைப் படிக்கலாம். யோசேப்பு அடிமையாக இருந்த வீட்டின் எஜமான் போத்திபார்; அவனுடைய மனைவி தன்னோடு சேரும்படி யோசேப்பிடம் நாள்தோறும் பேசினாள். நாள்தோறும் மறுத்தவனுக்குக் கிடைத்தது பொய்க்குற்றமும் சிறையும். (பிரசங்கங்களில் அந்தச் சிறையை ஏனோ வேகமாகக் கடந்து அரண்மனைக்குப் போய்விடுகிறோம்.) என்னிடமும் மாதந்தோறும் அதே கேள்வி வந்தது, முதலில் அக்கறையாக, பிறகு கேலியாக, கடைசியில் முகம் கொடுக்காத மௌனமாக. நிதியாண்டு முடிந்ததும் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். எடைச்சீட்டில் கையெழுத்துப் போடுபவரைச் சரக்கு கொண்டுவருபவர்கள் எப்படிக் 'கவனிப்பார்கள்' என்பது அங்கே முதல் வாரத்திலேயே தெரிந்தது.