ஆரி ஊசியும் விசா கோப்பும்

செப்டம்பர்ல லண்டன் படிப்பு, ஒரு வருஷம். கிளம்பறதுக்குள்ள எம்பிராய்டரி டிப்ளமோவை முடிச்சாகணும்.

இந்தியாவிலேர்ந்து போய் பிரிட்டன்ல ஆறு மாசத்துக்கு மேல தங்க விசா கேக்கறவங்களுக்குக் காசநோய் பரிசோதனைச் சான்றிதழ் வேணும். அதுக்காக சென்னை போயிட்டு நேத்து ராத்திரி பல்லவன் ரயில்ல காரைக்குடி வந்து இறங்கினேன். தூக்கம் வரலை. வளவுல, அதான் வீட்டு உள்முற்றத்துல, தையல் பிரேமைப் போட்டு உக்காந்துட்டேன். ஆரிங்கறது கொக்கி ஊசியால போடற எம்பிராய்டரி. அதுல மேல் கை ஊசியைக் குத்தும். துணிக்கு அடியில கீழ் கை நூலைக் கொக்கியில மாட்டிவிடும். யாருக்கும் தெரியாத அந்தக் கீழ் கைதான் சங்கிலித் தையலோட உயிர். ஒரு மாம்பிஞ்சு டிசைனுக்கு மூணு தரம் தையலைப் பிரிச்சேன்.

"இருட்டுல தைக்காத ஆத்தா, கண்ணு போயிரும்"னு அப்பத்தா விளக்கைப் போட்டாக.

1872ல ஆரம்பிச்ச ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க்ங்கற கைத்தையல் பள்ளி இப்ப லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில இருக்கு. அங்க போறப்ப இந்த மாம்பிஞ்சு என் பையில இருக்கும்.