ஒட்டுப்போட்ட கிண்ணம்

நேற்று ராத்திரி மறுபடியும் 'தி ரோட் ஹோம்' பார்த்தேன். சீன இயக்குநர் சாங் யிமோவின் 1999 படம். நடிகை சாங் ஸீயிக்கு இதுதான் முதல் படம். வடசீனக் கிராமம், புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார், அவர்மேல் மனதைப் பறிகொடுத்த படிக்காத பெண். கதை இவ்வளவுதான்.

நிகழ்காலம் கறுப்பு வெள்ளையில், கடந்தகாலம் வண்ணத்தில். வழக்கத்துக்கு நேர் எதிர். அந்தப் பெண் இப்போது வயதான அம்மா. அவள் ஞாபகத்தில்தானே நிறம் இருக்கிறது, சரிதான்.

வாத்தியாரை ஊரைவிட்டு அழைத்துப்போகிறார்கள். காளான் கொழுக்கட்டையைக் கிண்ணத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடுகிறாள். விழுகிறாள், கிண்ணம் உடைகிறது. ஓடிய வழியில் அவர் கொடுத்த கொண்டை ஊசியும் தொலைந்துவிடுகிறது. அப்புறம் நாள்கணக்கில் குனிந்தபடி தேடல்.

எனக்குப் பிடித்தது வேறு இடம். பாத்திரம் ஒட்டுபவர் ஊருக்குள் வருகிறார். அந்தப் பெண்ணின் பார்வையில்லாத அம்மா உடைந்த சில்லுகளை அவரிடம் கொடுக்கிறாள். புதுசே மலிவு என்கிறார் அவர். பரவாயில்லை, இதையே ஒட்டிக் கொடு என்கிறாள். பீங்கானில் சின்னத் துளை போட்டு, சின்ன உலோகக் கொக்கிகளை வைத்து இறுக்குகிறார். கேமரா அவசரமே இல்லாமல் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இசை கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் நான் அழுதேன்.