காலி அட்டவணையில் தொடங்கிய தீசிஸ்

எம்.டி. பொது மருத்துவம், முதல் வருஷம். அட்மிஷன் டே என்றால் ராத்திரி முழுக்க வார்டில்தான். அதற்கு நடுவில் தீசிஸ் புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதியாக வேண்டும். சீனியர் ஒருவரின் தீசிஸை வாங்கி, அதைப் பார்த்தே எழுத ஆரம்பித்தேன்.

சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆன்லைன் ஆய்வுப் பயிற்சி, 2019-20 பேட்ச் முதல் பிஜிக்களுக்கு, அதாவது முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு, கட்டாயம். பாடங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் டியூட்டி முடிந்த களைப்பில் கேட்டதால் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. சமூக மருத்துவத் துறையின் உதவிப் பேராசிரியர் மேடம் ஒருவரிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் ஒட்டியது.

"உன் வார்டுல உன்னை உறுத்துறது என்னம்மா?" என்றுதான் அவர் ஆரம்பித்தார். சர்க்கரை நோயாளிகள் கால்விரல் கறுத்த பிறகுதான் வருகிறார்கள், முள் குத்தினதே தெரியலை என்கிறார்கள் என்றேன். "அதையே கேளு." அப்படித்தான் என் கேள்வி ஒரே வரிக்குள் வந்தது: ஓபிக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி போயிருக்கிறது?

அடுத்து, வெள்ளைத்தாளில் எண்ணே இல்லாத அட்டவணைகளை வரையச் சொன்னார். பக்கவாட்டில் நோய் வந்து எத்தனை வருஷம், மேலே உணர்ச்சி உண்டு, இல்லை. "இந்தக் கட்டத்தை நிரப்ப உதவாத எதையும் நோயாளிகிட்ட கேட்காதே." நோயாளியிடம் கேட்டு நிரப்பும் படிவமான புரோஃபார்மா நாலு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. பிஜிக்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இதுதான் என்பேன்.

சாம்பிள் சைஸையும், அதாவது எத்தனை பேரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும், தாளிலேயே போட்டோம். 30 சதவீதம் பேருக்கு உணர்ச்சி போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால், வழக்கமான சூத்திரப்படி 4 × 30 × மீதி 70, அதாவது 8400. பிழை 5 வரை போகலாம் என்றால் அதன் வர்க்கமான 25-ஆல் வகுக்க 336 பேர். 10 வரை போகலாம் என்றால் 84 பேர். "84 போதும் மேடம்" என்றேன். "அப்ப உன் விடை 20-ஆவும் இருக்கலாம், 40-ஆவும் இருக்கலாம். அதை வச்சு ஓபியில என்ன மாத்துவே?" 336-க்கே ஒத்துக்கொண்டேன்.

எத்திக்ஸ் கமிட்டி ஒருமுறை திருப்பி அனுப்பியது, ஒப்புதல் படிவத்தின் தமிழுக்காக. "தாங்கள் இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்பதற்கு" என்று எழுதியிருந்தேன். மேடம் சொன்னபடி வார்டு ஆயா அக்காவிடம் படித்துக் காட்டினேன். "இதுல கையெழுத்து போடலைன்னா மருந்து தரமாட்டீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். நோயாளிக்கும் அந்தப் பயம்தானே வரும்? "சேர விருப்பம் இல்லைன்னா சொல்லிடலாம். வைத்தியம் எப்பவும் போல நடக்கும்" என்பதை முதல் வரியாக்கினேன்.

பிறகு மாதக்கணக்கில் ஓபி. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்பது 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்த வேண்டும். ஒரு பாட்டியைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலடியில் மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் இழை வளைந்தது.

"எப்ப வைக்கப்போறீங்க தாயி?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவருக்கு உணர்ச்சியற்ற பாதத்துக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புக்குச் சீட்டு எழுதிவிட்டு, கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.